வெள்ளைத் தலைக்கவசத்தைக் கழற்றியவர்

சிலி, சான் ஹோசே சுரங்கம், 2010: ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் இரவே உணவுப் பெட்டியில் கை வைத்துவிட்டார்கள்.

2010 ஆகஸ்ட் 5. சிலி நாட்டின் வடக்கே அத்தகாமா பாலைவனம். அங்கே கோப்பியாப்போ நகரத்துக்குச் சற்றுத் தள்ளி, சான் ஹோசே என்ற பழைய செம்பு, தங்கச் சுரங்கம். மதியச் சாப்பாட்டு வேளையில் மலையின் வயிறு சரிந்தது. 33 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தரையிலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் ஆழத்தில், ஆபத்துக் காலத்தில் ஒதுங்குவதற்கென்று பாறையைக் குடைந்து செய்த ஒரு தஞ்ச அறை இருந்தது. அதில் ஒரு பெட்டியில் சில டின் டுனா மீன், கொஞ்சம் பால், பிஸ்கட் பொட்டலங்கள். இரண்டு நாளைக்குத் தாங்கும் என்பது கணக்கு. மேலே ஏறிப்போய்ச் சாப்பிடலாம் என்று பசியோடு காத்திருந்தவர்கள் அவர்கள். இரவு ஆனதும் சிலர் பெட்டியைத் திறந்து பிஸ்கட்டையும் பாலையும் எடுத்துத் தின்றுவிட்டார்கள். யாரிடமும் கேட்கவில்லை. யாராலும் தடுக்கவும் முடியவில்லை.

அதே ஆட்கள், அதே பெட்டி. அடுத்த 17 நாட்கள் அந்தப் பெட்டியில் மிஞ்சியதை வைத்து 33 பேரும் உயிரோடு இருந்தார்கள். ஒருவருக்கு இரண்டு ஸ்பூன் டுனா, ஒரு வாய் பால், ஒரு பிஸ்கட். அதுவும் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை. போகப்போக அந்த இடைவெளியும் நீண்டது. யாரும் யாரையும் அடித்துப் பிடுங்கவில்லை. பங்கு எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது.

முதல் இரவுக்கும் மற்ற இரவுகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

தலைமைப் பண்புகள் பற்றிய பயிற்சி வகுப்புகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். தொலைநோக்கு, துணிச்சல், பேச்சுத்திறன், உடனடி முடிவு என்று பட்டியல் ஓடும். முடிவில் ஒரு சான்றிதழும் தேநீரும் கிடைக்கும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சான் ஹோசேயில் தலைவரைத் தேடினால் நாம் தவறான ஆளைத்தான் பிடிப்போம். பெரும்பாலான பத்திரிகைகள் அப்படித்தான் பிடித்தன.

இல்லாத ஏணி

சுரங்கத்துக்குள் நடந்ததைப் பேசுவதற்கு முன் மேலே நடந்ததைச் சொல்லியாக வேண்டும். தலைமை தோற்ற இடம் அதுதான்.

சான் ஹோசே நூற்றாண்டுக்கும் மேல் தோண்டப்பட்டு வந்த சுரங்கம். உள்ளே இறங்குவதற்குச் சுருள்சுருளாகப் போகும் ஒரே ஒரு சரிவுப்பாதை. லாரிகளும் அதில்தான், ஆட்களும் அதில்தான். 2007இல் ஒரு உயிரிழப்புக்குப் பிறகு சுரங்கம் மூடப்பட்டது. 2008இல் மறுபடியும் திறந்தார்கள். 2010 ஜூலையில், அதாவது சரிவுக்கு ஒரு மாதம் முன்பு, பாறை விழுந்து ஒரு தொழிலாளி காலை இழந்தார். இந்தச் சுரங்கம் அபாயமானது என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அங்கே கூலி கொஞ்சம் அதிகம். அந்தக் கூலிக்காகவே ஆட்களும் போனார்கள்.

சரிவுப்பாதை அடைபட்டால் தப்பிப்பதற்குக் காற்றுப்போக்கிக் குழாய்கள் இருந்தன. செங்குத்தாக மேலே போகும் துளைகள். அவற்றில் ஏணி இருக்க வேண்டும். சரிவு நடந்த அன்று மாரியோ செபுல்வேதா என்ற தொழிலாளி இன்னொருவரோடு அந்தத் துளைக்குள் ஏறினார். ஒரு மட்டம் வரை ஏணி இருந்தது. அதற்கு மேல் இல்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தால் இருட்டு மட்டுமே. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, மலை மீண்டும் சரிந்து அந்த வழியும் அடைபட்டது. ஏணி முழுவதும் இருந்திருந்தால் இடைப்பட்ட நாற்பது சொச்சம் மணி நேரத்தில் 33 பேரும் ஏறி வந்திருக்கலாம். உலகத்துக்கு அவர்கள் பெயரே தெரிந்திருக்காது. இந்த நிகழ்வை வீரக்கதையாகச் சொல்லும்போது எனக்கு ஏற்படும் நெருடல் இதுதான். ஏணி வைத்த தலைவரைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

அன்று காலையிலிருந்தே மலை முனகிக்கொண்டிருந்ததைக் கேட்டதாகத் தொழிலாளர்கள் பின்னர் சொன்னார்கள். அப்படியானால் அன்றைய ஷிப்ட் பொறுப்பாளர் ஏன் ஆட்களை மேலே அனுப்பவில்லை என்ற கேள்வி வரும். வர வேண்டும். அந்தப் பொறுப்பாளர் பெயர் லூயிஸ் உர்சுவா. இனி நான் பேசப்போவது பெரும்பாலும் அவரைப் பற்றித்தான். ஆகவே அவர் மேல் இருக்கும் இந்தக் கேள்வியை முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன்.

கவசம்

உர்சுவாவுக்கு அப்போது வயது 54. நில அளவையில் பயிற்சி பெற்றவர். அதிர்ந்து பேசாத மனிதர். சுரங்கத் தொழிலில் அனுபவம் நிறைய. ஆனால் சான் ஹோசேயில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆட்களில் பலர் அவரைவிட அந்தச் சுரங்கத்தை நன்றாக அறிந்தவர்கள். கூட்டத்தில் மிக மூத்தவர் மாரியோ கோமெஸ், 63 வயது, சிறுவனாக இருந்தபோதே சுரங்கத்துக்குள் இறங்கியவர். மிக இளையவர் ஜிம்மி சான்செஸ், 19. ஒருவர் மட்டும் பொலிவிய நாட்டவர்: கார்லோஸ் மமானி.

மலை இடிந்தபோது உர்சுவாவும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஃப்ளோரென்சியோ ஆவலோஸும் ஒரு பிக்கப் வண்டியில் ஏறினார்கள். வண்டி போனது கீழ்நோக்கி. அடி மட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வந்துவிட்டார்களா என்று பார்க்கப் போனார்கள். இதைப் பெரிய வீரச்செயலாக அவர்களே சொல்லிக்கொள்ளவில்லை. ஷிப்ட் பொறுப்பாளரின் வேலைகளில் அதுவும் ஒன்று: எத்தனை பேரை இறக்கினோமோ அத்தனை பேரை எண்ணி மேலே ஏற்றுவது. தூசி அடங்கிய பிறகு சரிவுப்பாதையில் மேலே ஏறிப் பார்த்தார்கள். பாதைக்குக் குறுக்கே வழவழப்பான ஒரு பாறைச் சுவர். உதிர்ந்து கிடக்கும் கல் குவியலாக இருந்தால் தோண்டி வழி செய்யலாம். இது ஒற்றைக்கல், மலையே நழுவி உட்கார்ந்துவிட்டது. அதன் அளவு அவர்களுக்குத் தெரியாது என்றாலும், உளியும் கடப்பாரையும் செல்லாது என்பது உர்சுவாவுக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது.

சிலியின் சுரங்கங்களில் பொறுப்பாளர் அணிவது வெள்ளைத் தலைக்கவசம். தொழிலாளர்களின் கவசம் வேறு நிறம். இருட்டில் விளக்கு வெளிச்சம் பட்டதும் யார் முதலாளி தரப்பு, யார் தொழிலாளி என்று நிறம் சொல்லிவிடும். உர்சுவா ஆட்களைக் கூட்டி, தன் வெள்ளைக் கவசத்தைக் கழற்றினார். இனி இங்கே மேலாள், கீழாள் என்று யாரும் இல்லை, எல்லோரும் ஒன்று என்றார்.

இந்தச் செயலைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. அப்போதே உண்டு. கூட்டத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பொறுப்பில் இருப்பவர் பொறுப்பை உதறுகிறாரா, ஆபத்து வந்ததும் கை கழுவுகிறாரா என்று முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் இரவு உணவுப் பெட்டி திறக்கப்பட்டதும் கட்டளை இல்லாத அந்த வெற்றிடத்தில்தான்.

எனக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது. அந்த வெள்ளைக் கவசத்தின் அதிகாரம் எங்கிருந்து வந்தது? சம்பளப் பட்டியலிலிருந்து. வேலைக்கு வராவிட்டால் கூலி வெட்டலாம், மேலே புகார் எழுதலாம், வேலையைவிட்டு நீக்கலாம். 700 மீட்டர் ஆழத்தில், மேலே போகும் வழி அடைபட்ட பிறகு, இவற்றில் எது செல்லும்? செல்லாத நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவதைப் போன்றதுதான் அந்தக் கவசத்தோடு கட்டளை போடுவது. முதல் முறை எவனாவது ‘முடியாது’ என்று சொல்லியிருந்தால் அத்தோடு அதிகாரமும் போயிருக்கும், ஒழுங்கும் போயிருக்கும். செல்லாததைத் தானே கீழே வைத்துவிட்டார் உர்சுவா. அதற்குப் பதிலாக அவரிடம் மிஞ்சியவை இரண்டு: சுரங்கத்தைப் பற்றிய அறிவு, ஆட்களை எண்ணும் பழக்கம். இரண்டையும் கடைசிவரை விடவில்லை.

கவசத்தைக் கழற்றியவர் வேலையைக் கழற்றிவிடவில்லை என்பதற்குச் சான்று அடுத்தடுத்த நாட்கள். வாகன மின்கலங்களிலிருந்து தலைவிளக்குகளுக்கு மின்சாரம் ஏற்றினார்கள். இயந்திரங்களைக் குளிர்விக்க வைத்திருந்த, எண்ணெய் வாடை அடிக்கும் தண்ணீரைக் குடிநீராக்கினார்கள். அடைபடாமல் மிஞ்சியிருந்த பாதைகளை வரைபடமாக்கினார் உர்சுவா. எங்கே தூங்குவது, எங்கே கழிப்பிடம், எங்கே நடமாடலாம், எங்கே பாறை உதிரும் என்று வரையறுத்தார்கள். முக்கியமான முடிவுகள் எல்லாம் வாக்கெடுப்பில். ஆளுக்கு ஒரு வாக்கு, பெரும்பான்மைக்கு 17.

பந்தி

செபுல்வேதாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. உர்சுவாவுக்கு நேர் எதிரான சுபாவம். சத்தமாகப் பேசுவார், அழுவார், கோபப்படுவார், அடுத்த நிமிடமே எல்லோரையும் சிரிக்க வைப்பார். பின்னாளில் மேலிருந்து காமிரா வந்தபோது சுரங்கத்தைச் சுற்றிக்காட்டிப் பேசியவர் அவர்தான்; உலகப் பத்திரிகைகள் அவரைத் தலைவர் என்றே எழுதின. உணவைப் பங்கிடும் வேலை பெரும்பாலும் அவர் கைக்கு வந்தது. ஒரு நாள் டுனாவையும் பட்டாணியையும் எண்ணெய் வாடைத் தண்ணீரில் கரைத்துச் சூப் வைத்தார். பாத்திரத்துக்கு ஒரு வாகனத்தின் காற்று வடிகட்டி மூடி.

பந்தி விசாரிப்பவர் யார் என்பது நம் ஊர்க் கல்யாணங்களிலும் சின்ன விஷயமில்லை. கரண்டி பிடித்தவனைத்தான் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே கரண்டி ஒரு ஸ்பூன். 33 ஜோடிக் கண்கள் அதையே பார்த்தன. எல்லோருக்கும் பரிமாறி முடிந்து, பங்குகள் சமம் என்று உறுதியான பிறகுதான் முதல் ஆள் வாயில் வைத்தார். அரசாணை போட்டு இதைச் செய்துவிட முடியாது. பரிமாறுகிறவர் தனக்கென்று ஒரு துளி கூட்டி எடுத்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையை உண்டாக்கும் திறன் செபுல்வேதாவிடம் இருந்தது, உர்சுவாவிடம் அந்த அளவுக்கு இல்லை. உர்சுவா அதைத் தடுக்கவில்லை. தனக்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னொருவருக்குப் போகிறது என்று பொருமியிருந்தால், இரண்டு கட்சி ஆகியிருக்கும். 33 பேரில் இரண்டு கட்சி என்றால் அந்தப் பெட்டி மூன்று நாள் தாங்கியிருக்காது.

மூன்றாவது ஒருவரும் உண்டு. ஹோசே ஹென்ரிகெஸ் என்பவர் கிறித்தவ நற்செய்தி ஊழியத்தில் ஈடுபாடு உள்ளவர். அவரை ஜெபம் நடத்தச் சொன்னார்கள். தினமும் சாப்பாட்டு வேளையில் ஜெபம். அதன் முடிவில் ஒரு வழக்கம் உருவானது: முந்தைய நாளில் யாராவது குரலை உயர்த்தியிருந்தால், வேலைக்கு வராமல் படுத்திருந்தால், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பது. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நம் அலுவலகங்களில் வாராந்தரக் கூட்டம் நடக்கிறது, மாதாந்தரக் கூட்டம் நடக்கிறது; ‘நேற்று நான் உங்களிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது’ என்று ஒரு மேலாளர் வாயிலிருந்து ஒரு முறையாவது வந்து நான் கேட்டதில்லை. அந்த இருட்டில் தினமும் வந்தது. பகை ஒரு நாளுக்கு மேல் தங்கவிடாமல் கழுவிவிட்டார்கள். சாக்கடை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது போன்ற அன்றாட வேலைதான் அதுவும்.

யோனி பாரியோஸ் என்பவருக்கு ஊசி போடத் தெரியும், கொஞ்சம் மருத்துவ அறிவு உண்டு; அவர் வைத்தியர் ஆனார். வேறொருவர் நாட்குறிப்பு எழுதினார். இப்படி ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததில் முன்னால் வந்தார்கள். முன்னால் வர இடம் இருந்தது என்பதே விஷயம். வெள்ளைக் கவசம் அதே தலையில் அப்படியே இருந்திருந்தால் இத்தனை பேருக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

மேலே, தெரியாது என்று சொன்னவர்

லாரன்ஸ் கோல்போர்ன் சுரங்கத்துறை அமைச்சர். பொறியியல் படித்தவர் என்றாலும் பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் தலைவராக இருந்து அரசியலுக்கு வந்தவர். அந்த ஆண்டு மார்ச்சில்தான் பதவியேற்றார். சுரங்கத் தொழிலில் முன்னனுபவம் இல்லை. சரிவு நடந்தபோது வெளிநாட்டில் இருந்தார். செய்தி கேட்டுத் திரும்பி வந்து நேராகப் பாலைவனத்துக்குப் போனார்.

அங்கே உறவினர்கள் கூடாரம் போட்டுக் காத்திருந்தார்கள். பின்னால் அது ‘நம்பிக்கை முகாம்’ என்று பெயர் பெற்றது. நிறுவனம் அவர்களிடம் சரியாக எதையும் சொல்லாததால் கொதித்துப்போயிருந்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று காற்றுப்போக்கி வழியும் அடைபட்ட செய்தியை அமைச்சரே அவர்களிடம் சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டார். கூட்டத்திலிருந்து ஒருவர், நீங்களே உடைந்துபோகக் கூடாது, எங்களுக்குத் தெம்பு கொடுக்க வேண்டியவர் நீங்கள் என்று சத்தம் போட்டார். அமைச்சர் அழலாமா என்பதைப் பற்றி மேலாண்மை அறிஞர்கள் நிறையப் பேசலாம். நான் கவனிப்பது அடுத்த நாளை. அதற்குப் பிறகும் அவர் அந்த முகாமைவிட்டு ஓடவில்லை. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, ஊடகத்துக்குப் போகும் முன் குடும்பங்களுக்கு என்ற வழக்கம் வந்தது. கெட்ட செய்தியை முகத்துக்கு நேரே சொன்னவர் சொல்லும் நல்ல செய்தியைத்தான் மக்கள் நம்புவார்கள்.

துளைபோடும் வேலையை அவர் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. அரசின் செம்பு நிறுவனமான கோடெல்கோ, எல் தெனியெந்தே என்ற மாபெரும் சுரங்கத்திலிருந்து ஆந்த்ரே சூகாரெட் என்ற பொறியாளரை அனுப்பியது. சூகாரெட் தன்னோடு அழைத்துவந்தவர்களில் ஒருவர் ரெனே அகிலார்; படிப்பால் உளவியலாளர். அமைச்சர் குடும்பங்களையும் ஊடகத்தையும் பார்த்துக்கொள்ள, சூகாரெட் பாறையைப் பார்த்துக்கொண்டார். அதிபர் செபாஸ்தியன் பின்யேரா செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். சொல்வதற்குச் சுலபமாக இருக்கும் இந்தப் பங்கீடு நடைமுறையில் எவ்வளவு அரிது என்பது, ஏதாவது ஒரு விபத்து நடந்த இடத்துக்கு நம் ஊரில் எத்தனை பேர் வந்து எத்தனை பேர் உத்தரவு போடுகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வேலை எவ்வளவு கடினமானது? போர்வெல் போட்டுப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துளை நேராகப் போகும் என்று நாம் நினைக்கிறோம். பாறை அதற்கு உடன்படுவதில்லை. 700 மீட்டர் ஆழத்தில் ஒரு சில டிகிரி விலகினால் குறி பல பத்து மீட்டர் தப்பும். குறியோ ஒரு சிறிய அறை. சுரங்கத்தின் வரைபடங்கள் பழையவை. நிறுவனம் அவற்றைப் புதுப்பிக்கவில்லை. ஆகவே சூகாரெட் ஒரே துளையை நம்பாமல், வெவ்வேறு இடங்களிலிருந்து வெவ்வேறு கோணங்களில் பல துளைகளை ஒரே நேரத்தில் போட்டார். பெரும்பாலானவை வீணாகும் என்று தெரிந்தே போட்டார். ஆகஸ்ட் 19 அன்று ஒரு துளை 700 மீட்டரைத் தாண்டியும் வெற்றிடத்தைத் தொடவில்லை; வரைபடம் பொய் சொல்லியிருந்தது. கீழே இருந்தவர்களுக்குத் துரப்பணத்தின் சத்தம் நெருங்கி வருவதும் கேட்டது, தாண்டிப் போவதும் கேட்டது. சத்தம் தாண்டிப்போன பிறகு அந்த 33 பேரைக் கலையாமல் வைத்திருப்பதுதான் தலைமைக்கு உண்மையான தேர்வு.

ஆகஸ்ட் 22 விடியலில், 688 மீட்டரில், தஞ்ச அறைக்கு அருகே ஒரு துளை உடைத்துக்கொண்டு இறங்கியது. கீழே இருந்தவர்கள் துரப்பணக் குழாயை இரும்பால் தட்டினார்கள், சிவப்புச் சாயம் பூசினார்கள், எழுதி வைத்திருந்த கடிதங்களைக் கட்டினார்கள். மேலே வந்த ஒரு துண்டுத்தாளில் ஒரே வரி: நாங்கள் 33 பேரும் தஞ்ச அறையில் நலமாக இருக்கிறோம். பெயர் இல்லை, கோரிக்கை இல்லை, புலம்பல் இல்லை. எண்ணிக்கை இருந்தது. உர்சுவாவின் எண்ணும் பழக்கம் அந்த வரிக்குள்ளும் புகுந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன். எழுதியவர் அவரில்லை என்றாலும்.

மறுநாள் தொலைபேசிக் கம்பி இறங்கியது. கோல்போர்ன் பேசினார், உர்சுவா பதில் சொன்னார். சரிவின்போது வெளியே போய்க்கொண்டிருந்த சக தொழிலாளர்கள் என்ன ஆனார்கள் என்று உர்சுவா கேட்டார். எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும் கீழே கைதட்டல் எழுந்தது. பிறகு தேசிய கீதம் பாடினார்கள்.

சோறு வந்த பிறகு

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். இன்னும் ஐம்பது நாட்கள் பாக்கி. தலைமை பற்றிய பாடங்களில் இந்த ஐம்பது நாட்களை எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

பட்டினியில் ஒற்றுமையாக இருந்தவர்களுக்கு உணவு, மருந்து, கடிதம், கட்டில், தொலைக்காட்சி எல்லாம் குழாய் வழியே வர ஆரம்பித்ததும் சச்சரவும் கூடவே வந்தது. மேலிருந்த உளவியலாளர்கள் கடிதங்களைப் படித்துப் பார்த்து அனுப்பினார்கள், கீழே கோபம். சிகரெட் கேட்டவர்களுக்கு முதலில் நிக்கோட்டின் பட்டையை அனுப்பினார்கள், இன்னும் கோபம். கதைக்கு விலை பேசும் ஊடகங்கள் வந்தன. யாருக்கு எவ்வளவு புகழ் என்ற கணக்கு வந்தது. செபுல்வேதாவின் முகம் உலகம் முழுக்கப் போனபோது, எல்லோருக்கும் அது இனிக்கவில்லை. பொதுக் கதையை யாரும் தனியாக விற்கக் கூடாது, வருமானம் எல்லோருக்கும் சமம் என்று உடன்பாடு செய்துகொண்டார்கள். இரண்டு ஸ்பூன் டுனாவைப் பங்கிட்ட அதே முறை. இந்த முறை அவ்வளவு நன்றாக வேலை செய்தது என்று சொல்ல மாட்டேன்.

உர்சுவா இந்தக் காலத்தில் ஷிப்ட் முறையைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆட்கள் மூன்று குழுக்களானார்கள். எட்டு மணி நேர முறை. மேலே துளையை அகலப்படுத்தும்போது உடைந்த பாறைத்துகள் கீழேதான் கொட்டும். அதை அள்ளி அப்புறப்படுத்தாவிட்டால் மீட்புப் பாதையே அடைபடும். ஆகவே கீழே இருந்தவர்கள் தங்கள் மீட்புக்குத் தாங்களே வேலை செய்தார்கள். கழற்றி வைத்த கவசம் இப்போது வேறு வடிவில் திரும்பத் தலைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம்: மேலே இருப்பவர்களோடு பேச, அளவுகள் சொல்ல, வேலை பிரிக்க ஒரு பொறுப்பாளர் தேவைப்பட்டார். எப்போது இறக்கி வைப்பது என்பதைப் போலவே எப்போது மறுபடி எடுத்துக்கொள்வது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மேலே மூன்று திட்டங்கள், மூன்று வெவ்வேறு இயந்திரங்கள், ஒரே நேரத்தில். இரண்டாவது திட்டத்தின் யோசனை 24 வயது இளம் பொறியாளர் ஒருவரிடமிருந்து வந்தது: போட்ட சிறு துளையையே வழிகாட்டியாகக் கொண்டு, பல சுத்தியல் முனைகள் சேர்ந்த கருவியால் அதை அகலப்படுத்தலாம் என்றார். சூகாரெட் அவரை உட்காரவைத்துக் கேட்டார். அந்த இயந்திரத்தை ஓட்ட, ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைக்குக் கிணறு தோண்டிக்கொண்டிருந்த ஒருவர் வரவழைக்கப்பட்டார். நடுவில் முனை உடைந்து துளைக்குள் சிக்கி நாட்கள் வீணாயின. கைவிடாமல், மற்ற இரண்டு திட்டங்களையும் நிறுத்தாமல், மீட்டெடுத்துத் தொடர்ந்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் மீட்டுவிடலாம் என்று ஆரம்பத்தில் கணித்த வேலை அக்டோபர் 9 அன்றே முடிந்தது.

யார் முதலில், யார் கடைசியில்

மீட்புக்கூண்டின் பெயர் ஃபீனிக்ஸ். ஒரு ஆள் நிற்கும் அளவு. முதலில் ஏறுபவர் நடுவழியில் ஏதாவது சிக்கல் வந்தால் பதறாமல் சமாளிக்கக் கூடியவராக இருக்க வேண்டும். ஆகவே முதல் ஆள் ஆவலோஸ். இரண்டாவது செபுல்வேதா. பிறகு உடல்நலம் குன்றியவர்கள், அதன் பிறகு திடமானவர்கள். கடைசியில் நிற்பது யார் என்பதில்தான் போட்டி. நான் கடைசியில் வருகிறேன் என்று பலரும் சண்டை போட்டதாகச் சுகாதார அமைச்சர் வியந்து சொன்னார். அந்த இடத்தை உர்சுவா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 69 நாட்கள் வாக்கெடுப்புக்கு விட்டவர் இதை மட்டும் வாக்குக்கு விடவில்லை.

அக்டோபர் 13 இரவு 10 மணிக்குச் சற்று முன்பு அவர் மேலே வந்தார். காத்திருந்த அதிபரிடம், தன் ஷிப்டை ஒப்படைப்பதாகச் சொன்னார். ஆகஸ்ட் 5 காலையில் தொடங்கிய ஷிப்ட் அது.

பிறகு நடந்தவற்றையும் பதிந்துவைக்கலாம். கோல்போர்னின் புகழ் உச்சத்துக்குப் போனது. 2013இல் அதிபர் பதவிக்குப் போட்டியிடக் கிளம்பி, சொத்து விவகாரச் சர்ச்சையில் சிக்கிப் பாதியில் விலகினார். பாலைவனத்தில் அவர் நடந்துகொண்டதை அது அழித்துவிடவில்லை. ஒரு இடத்தில் நல்ல தலைவர் எல்லா இடத்திலும் நல்ல தலைவர் என்ற எண்ணத்தை மட்டும் அழிக்கிறது. மீட்கப்பட்டவர்களில் பலர் தூக்கமின்மையோடும் வேலையின்மையோடும் போராடினார்கள். சுரங்க உரிமையாளர்கள் மேல் நடந்த குற்ற விசாரணை 2013இல் யார் மீதும் வழக்குத் தொடுக்காமலே முடிக்கப்பட்டது. ஏணி வைக்காதவர்களுக்குத் தண்டனை ஏதும் இல்லை.

உர்சுவா கடைசியில் ஏறியவர் என்று உலகமே எழுதியது. முழுக்கச் சரியில்லை. ஆட்களை ஏற்றிவிடுவதற்காக மேலிருந்து ஆறு மீட்பாளர்கள் கீழே இறங்கியிருந்தார்கள். அவர்களில் முதலில் இறங்கியவர் மனுவேல் கொன்சாலெஸ், எல் தெனியெந்தே சுரங்கத்துக்காரர். உர்சுவா போன பிறகு மற்ற ஐந்து மீட்பாளர்களையும் ஒவ்வொருவராக அவரே கூண்டில் ஏற்றிவிட்டார். அதன் பிறகு அந்தச் சுரங்கத்தில் அவர் மட்டும். கூண்டு திரும்பி வரும்வரை காத்திருந்தார். வந்ததும், அங்கே வைத்திருந்த காமிராவைப் பார்த்து ஒருமுறை குனிந்து வணங்கி, கதவைத் தானே சாத்திக்கொண்டு ஏறினார்.